‘என்ன நடந்துச்சு?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத குழந்தைகள்: கதையில் தெரியும் மொழிக் குறைபாடு

பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையிடம் எல்லா வீடுகளிலும் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. “இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?” பெரும்பாலும் வரும் பதில்: “ஒண்ணுமில்ல.”

பசி, களைப்பு, டிவி ரிமோட் மேல் ஒரு கண். அவ்வளவுதான் காரணம். சாப்பிட்டு முடித்துப் பத்து நிமிடம் கழித்துக் கேட்டால், யார் யாரைத் தள்ளிவிட்டார்கள், மிஸ் யாரைத் திட்டினார் என்று கொட்டித் தீர்க்கும் பிள்ளைகள்தான் அதிகம். ஆனால், சொல்ல ஆசை இருந்தும் சொல்ல முடியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். காது நன்றாகக் கேட்கும். விளையாட்டில் கெட்டி. கேட்டதற்கு ‘ஆமா’, ‘இல்ல’, ‘வேணும்’ என்று பதிலும் வரும். நடந்த ஒன்றை முதலிலிருந்து கடைசி வரை கோர்வையாகச் சொல்லச் சொன்னால் மட்டும் எல்லாம் சிதறிவிடும்.

இப்படிப்பட்ட பல குழந்தைகளுக்கு இருப்பது ‘வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு’. ஆங்கிலத்தில் சுருக்கமாக டிஎல்டி. ஆட்டிசம் என்ற சொல் இன்று எல்லோருக்கும் தெரியும். டிஸ்லெக்சியாவை சினிமாவே அறிமுகப்படுத்திவிட்டது. டிஎல்டி பற்றிக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு.

பாட்டி வடை சுட்ட கதையிலிருந்து ஆரம்பிப்போம்

தமிழ் வீட்டில் வளர்ந்த யாருக்கும் இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. ஏழு வயதுப் பிள்ளை ஒன்று அதை இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள்:

“காக்கா வடை எடுத்துச்சு. மரத்துல இருந்துச்சு. அப்புறம் நரி வந்துச்சு. அப்புறம் பாடுச்சு. அப்புறம் விழுந்துச்சு. அப்புறம் சாப்ட்டுச்சு.”

ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனியாகப் பார்த்தால் பிழையே இல்லை. ஆனால் பாடியது யார், விழுந்தது எது, சாப்பிட்டது யார்? கதை தெரிந்த நமக்குப் புரிகிறது. தெரியாத ஒருவர் கேட்டால் நரி பாடியதாகவும், காகம் கீழே விழுந்ததாகவும், கடைசியில் காகத்தையே நரி தின்றுவிட்டதாகவும் நினைத்துக்கொள்ளலாம்.

இன்னும் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. நரி ஏன் காகத்தைப் பாடச் சொன்னது? கதையின் உயிரே அதுதான். நரிக்கு வடை வேண்டும், கேட்டால் காகம் தராது, வாயைத் திறந்தால்தான் வடை விழும், அதற்காகப் புகழ்கிறது. புகழ்ச்சி உண்மை என்று காகம் நம்பிவிடுகிறது. இந்த நினைப்பும் திட்டமும் ஏமாற்றும் மேலே சொன்ன கதையில் இல்லை. நடந்த செயல்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. அவற்றை இணைக்கும் ‘ஏன்’ காணாமல் போய்விட்டது.

மூன்று, நான்கு வயதில் எல்லாக் குழந்தைகளும் கிட்டத்தட்ட இப்படித்தான் சொல்லும். அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. ஐந்து வயதுக்குப் பிறகு ‘ஏன்னா’, ‘அதனால’, ‘நினைச்சுச்சு’, ‘பயந்துடுச்சு’ போன்ற சொற்கள் கதைக்குள் மெல்ல நுழையும். டிஎல்டி உள்ள குழந்தையிடம் அவை தாமதமாக வரும், அல்லது மிகக் குறைவாகவே வரும். கதையும் சுருங்கிப் போகும்.

நம் வீடுகளில் ‘ழ’ சரியாக வராவிட்டால் மாமா முதல் பக்கத்து வீட்டுப் பாட்டி வரை எல்லோரும் திருத்துவார்கள். கதையில் ‘ஏன்’ வராததை யாரும் கவனிப்பதில்லை. உச்சரிப்பு காதில் உடனே உறுத்துகிறது. விடுபட்ட காரணத்தையோ, கேட்பவர் தன்னையறியாமல் தானே நிரப்பிக்கொள்கிறார்.

எவ்வளவு பேருக்கு இருக்கிறது?

அமெரிக்காவில் புரூஸ் டாம்ப்ளின் குழுவினர் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், மழலையர் பள்ளிக் குழந்தைகளில் 7.4 சதவீதத்தினருக்கு இந்தக் குறைபாடு இருந்தது. இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் கோர்ட்னி நார்பரி குழுவினர் 2016-ல் வெளியிட்ட ஆய்விலும் கிட்டத்தட்ட அதே அளவு, ஏறக்குறைய 7.6 சதவீதம். அதாவது 30 பேர் படிக்கும் வகுப்பில் சராசரியாக இரண்டு பேர். நம் ஊர் வகுப்பறைக்கும் இதே கணக்கைப் பொருத்தினால், உங்கள் பிள்ளையின் வகுப்பிலும் இரண்டு பேர்.

இவ்வளவு பரவலாக இருந்தும் ஏன் வெளியே தெரியவில்லை? பெயர்க் குழப்பம் ஒரு காரணம். ஒவ்வொரு நாட்டிலும், ஒவ்வொரு துறையிலும் வேறு வேறு பெயர்கள் புழங்கின. உளவியல் அறிஞர் டோரத்தி பிஷப் தலைமையில் ஆங்கிலம் பேசும் நாடுகளின் நிபுணர்கள் கூடிப் பேசி, 2017-ல் வெளியிட்ட ஒருமித்த கருத்தில்தான் டிஎல்டி என்ற பெயர் உறுதியானது. வளர்ச்சிசார் குறைபாடுகளில் எதெதற்கு எவ்வளவு ஆய்வு நடக்கிறது என்று இதே பிஷப் 2010-ல் கணக்கெடுத்தார். பாதிக்கப்படுவோர் எண்ணிக்கைக்கும் நடக்கும் ஆய்வுகளின் அளவுக்கும் பொருத்தமே இல்லை, மொழிக் குறைபாடு மிகவும் பின்தங்கியிருக்கிறது என்பது அதில் தெரிந்தது.

காரணம் என்ன என்று கேட்டால், ஒற்றைக் காரணம் கிடையாது. மரபணுக்களின் பங்கு பெரிது. பெற்றோர் பேசாமல் விட்டதாலோ, போன் கொடுத்ததாலோ வருவதல்ல. ஸ்க்ரீன் டைம் பற்றிக் கவலைப்பட வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன. ஆனால், இந்தக் குறைபாட்டுக்காக அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் சொந்தக்காரர்களுக்கு அறிவியலில் ஆதாரம் எதுவும் இல்லை.

கதை ஏன் இவ்வளவு முக்கியம்?

உரையாடலில் பாதிச் சுமையை எதிரில் இருப்பவர் தூக்கிக்கொள்கிறார். “சாப்பிட்டியா?” “ம்.” “என்ன சாப்பிட்ட?” “இட்லி.” குழந்தை ஒற்றைச் சொல்லிலேயே தப்பித்துவிடலாம். கதை சொல்லும்போது அந்த உதவி இல்லை. எதை முதலில் சொல்வது, கேட்பவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும், யாரைப் பற்றிப் பேசுகிறோம், அவர் என்ன நினைத்தார், அதனால் என்ன ஆனது என எல்லாவற்றையும் மனதில் பிடித்துக்கொண்டே வாக்கியத்தையும் அமைக்க வேண்டும். ஒரே நேரத்தில் நாலு வேலை. அன்றாடப் பேச்சில் மறைந்துகொள்ளும் சிரமம் இங்கே வெளியே வந்துவிடுகிறது.

மொழி ஆய்வாளர்கள் கதையைக் கையில் எடுத்தது இதனால்தான். மெர்சர் மேயர் என்ற அமெரிக்க ஓவியர் 1969-ல் வெளியிட்ட, சொற்களே இல்லாத படக்கதைப் புத்தகம் ஒன்று உண்டு. ஜாடியிலிருந்து தப்பிய தவளையை ஒரு பையனும் அவன் நாயும் காடெல்லாம் தேடும் கதை. படத்தைக் காட்டி, “நீயே சொல்லு” என்றால் போதும். பல நாடுகளில், பல மொழிகளில் குழந்தைகளிடம் இதைக் காட்டிக் கதை கேட்டிருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் கேத்தரின் ரென்ஃப்ரூ உருவாக்கிய ‘பஸ் ஸ்டோரி’ சோதனை இன்னும் எளிமையானது. டிரைவரை விட்டுவிட்டு ஓடிப்போகும் குறும்புக்கார பஸ்ஸின் கதையைப் படங்களோடு சொல்லிவிட்டு, குழந்தையைத் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். மொழிக் குறைபாடு இருந்த 87 நான்கு வயதுக் குழந்தைகளை டோரத்தி பிஷப்பும் ஏ. எட்மண்ட்சனும் ஐந்தரை வயது வரை பின்தொடர்ந்து, 1987-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். யாருக்குத் தானாகச் சரியாகும், யாருக்குத் தொடரும் என்று முன்கூட்டியே சொல்வதில் எந்தச் சோதனை முந்தியது தெரியுமா? சொல்வளச் சோதனை அல்ல, உச்சரிப்புச் சோதனை அல்ல. அந்த பஸ் கதையைத் திரும்பச் சொல்லும் சோதனைதான்.

தமிழில் இதை எப்படிக் கவனிப்பது? நம் மொழிக்கென்று சில வசதிகள் இருக்கின்றன. ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்று வினைச்சொல்லின் வாலிலேயே ஆளை அடையாளம் காட்டிவிடலாம். பெயரைச் சொல்லாமல் விட்டாலும் ஓரளவு புரியும். விலங்குக் கதையில் இந்த வசதி கிடையாது. காகமும் ‘வந்துச்சு’தான், நரியும் ‘வந்துச்சு’தான். அங்கே பெயரைத் திரும்பச் சொல்ல வேண்டிய இடம் எது, சொல்லாமல் விடலாமா என்று குழந்தை முடிவெடுத்தாக வேண்டும். ‘எடுத்துக்கிட்டு’, ‘பறந்து போய்’, ‘உட்கார்ந்து’ என்று வினைகளைச் சங்கிலியாகக் கோர்ப்பது இன்னொன்று. “நீ ஒரு பாட்டு பாடேன்னு காக்காகிட்ட நரி சொல்லுச்சு” என்பதில் வரும் அந்தச் சின்ன ‘ன்னு’ பெரிய வேலை செய்கிறது. ஒருவர் பேச்சை இன்னொருவர் வாக்கியத்துக்குள் வைப்பது லேசான காரியமில்லை. இவை எதுவும் வராமல் ‘அப்புறம்... அப்புறம்...’ மட்டும் வந்துகொண்டிருந்தால் காது கொடுக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. வடைக் கதையைப் பல பிள்ளைகள் பாட்டுபோல மனப்பாடம் செய்து வைத்திருக்கும். அதை வைத்து எடைபோட முடியாது. இதுவரை கேட்காத கதை, அல்லது பார்க்காத படங்கள் வேண்டும்.

மார்க் மட்டும் அல்ல பிரச்சினை

படிப்பில் பாதிப்பு வரும் என்பது எளிதில் புரியும். “ராமு கடைக்குப் போய் 3 பேனா வாங்கினான், ஒன்றைத் தங்கைக்குக் கொடுத்தான்” என்று தொடங்கும் கணக்கும் ஒரு கதைதான். கணக்கு வராத பிள்ளை என்று பெயர் வாங்கும் சிலருக்கு உண்மையில் வராதது மொழி.

அதைவிடக் கவலை தரும் விஷயம் வேறு. இரண்டு பிள்ளைகள் வகுப்பில் அடித்துக்கொள்கிறார்கள். ஆசிரியர் வந்து “என்னடா நடந்தது?” என்கிறார். கோர்வையாகப் பேசத் தெரிந்த பிள்ளை தன் தரப்பைச் சொல்லி முடித்துவிடும். மற்றொன்று “அவன்... அவன்தான்...” என்று தொடங்கி நின்றுபோகும். அடி வாங்கியதும் அதுவே, தண்டனை வாங்கப்போவதும் அதுவே. வயிற்றுவலி எப்போது ஆரம்பித்தது என்று டாக்டரிடம் சொல்வதும், வேன் வழியில் நின்றபோது என்ன ஆனது என்று வீட்டில் சொல்வதும் கதை சொல்வதுதான்.

பாலியல் சீண்டலுக்கு ஆளான குழந்தையை நினைத்துப் பாருங்கள். யார், எங்கே, எப்போது, முதலில் என்ன, பிறகு என்ன. வழக்கின் முதல் ஆதாரமே குழந்தை சொல்லும் கதை. 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம் 26, 38-ம் பிரிவுகளில் இதற்கு வழி வைத்திருக்கிறது. குழந்தைக்கு மன அல்லது உடல் ரீதியான குறைபாடு இருந்தால் வாக்குமூலம், சாட்சியம் பதிவு செய்யும்போது சிறப்புக் கல்வியாளர் அல்லது அந்தக் குழந்தையின் பேச்சுமுறை அறிந்தவரின் உதவியைப் பெறலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் குறைபாடு இருக்கிறது என்று ஏற்கெனவே யாராவது கண்டுபிடித்திருந்தால்தானே? கண்டுபிடிக்கப்படாத டிஎல்டி குழந்தை, விசாரிப்பவர் கண்ணுக்கு ‘மாற்றி மாற்றிப் பேசும்’ குழந்தையாகத்தான் தெரியும்.

மறுபக்கமும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பமீலா ஸ்னோ, மார்ட்டின் பவல் ஆகியோர் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் சோதித்த இளம் குற்றவாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மொழிக் குறைபாடு இருந்தது. மொழிக் குறைபாடு குற்றம் செய்ய வைக்கும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. விசாரணையில் தோளைக் குலுக்கி, ‘தெரியல’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும் பையனைத் திமிர் பிடித்தவன் என்று நினைத்துவிடுவது எவ்வளவு எளிது என்பதை இந்த எண் யோசிக்க வைக்கிறது.

சட்டத்தில் எங்கே இருக்கிறது?

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. ‘பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு’ அதில் ஒன்று. பெயரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். குரல்வளை அகற்றம், அஃபேசியா போன்ற, உடல் உறுப்பு அல்லது நரம்பியல் காரணத்தால் வரும் நிரந்தரக் குறைபாடு என்று சட்டம் அதற்கு விளக்கம் தருகிறது. பக்கவாதத்தில் பேச்சை இழந்தவருக்குப் பொருந்தும் விளக்கம் இது. ஓடியாடி விளையாடும் ஏழு வயதுக் குழந்தை இதற்குள் எளிதில் அடங்காது.

இன்னொரு கதவு இருக்கிறது. ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகள்’ பட்டியலில் டிஸ்லெக்சியாவோடு சேர்த்து ‘வளர்ச்சிசார் அஃபேசியா’ என்று ஒரு பெயர் வருகிறது. மொழிக் குறைபாட்டுக்கு ஒரு காலத்தில் வழங்கிய பழைய பெயர் அது. துறை கைவிட்ட சொல், சட்டத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. தவிர, கற்றல் குறைபாடு என்பது பிள்ளை எழுதப் படிக்கத் தடுமாறிய பிறகே பேசப்படும் விஷயம். மொழிக் குறைபாட்டுக்கான உதவி அதற்கு முன்பே தொடங்க வேண்டும்.

மத்திய அரசின் ஆர்பிஎஸ்கே எனப்படும் சிறார் நலத் திட்டம் 2013-ல் தொடங்கியது. மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் நேரில் போய்க் குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பரிசோதிக்க வேண்டியவற்றில் ‘மொழி வளர்ச்சித் தாமதம்’ இருக்கிறது. அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் பெயரும் வயதும் கேட்டு, ஒற்றைச் சொல் பதிலை வாங்கிக்கொண்டு நகர்ந்தால் டிஎல்டி கண்ணில் படாது. ஐந்து வயதில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஆறு படம் காட்டி, ஒரு சின்னக் கதை சொல்லி, திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பதை இந்தப் பரிசோதனையில் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. பெரிய கருவிகள் வேண்டாம், ஸ்கேன் வேண்டாம். ஒரு குழந்தைக்கு ஐந்து நிமிடம். அதற்கு முன், வெவ்வேறு மாவட்டத் தமிழ் பேசும் குழந்தைகள் எந்த வயதில் எப்படிக் கதை சொல்கிறார்கள் என்று பதிவு செய்து அளவுகோல் உருவாக்கும் வேலையைத் தமிழகப் பல்கலைக்கழகங்களிடம் அரசு ஒப்படைக்கலாம். மதுரைக் குழந்தையின் பேச்சை ஆங்கிலத் தேர்வின் மொழிபெயர்ப்பை வைத்து அளப்பது நியாயமில்லை.

‘வீட்டுல இங்கிலீஷ் மட்டும் பேசுங்க’

பேச்சில் தாமதம் என்று போனால், “வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், ஸ்கூல் மொழியையே பேசுங்கள்” என்ற அறிவுரை இன்றும் கிடைக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் இளம் பெற்றோர் பலர் தமிழை நிறுத்திவிட்டு, தங்களுக்கே முழுதாகக் கைவராத ஆங்கிலத்தில் பிள்ளையோடு பேசத் தொடங்குகிறார்கள். தாத்தா பாட்டியோடு இருந்த பேச்சும் அறுந்துபோகிறது.

இரண்டு மொழி கேட்டு வளர்வதால் டிஎல்டி வராது. உண்மையான குறைபாடு என்றால் குழந்தை பேசும் எல்லா மொழியிலும் அது தெரியும். ஒரு மொழியில் மட்டும் தடுமாற்றம் என்றால், அந்த மொழியைப் போதிய அளவு கேட்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். கதையின் எலும்புக்கூடு, அதாவது பிரச்சினை, முயற்சி, முடிவு என்ற அமைப்பு ஒரு மொழியில் பிடிபட்டால் இன்னொரு மொழிக்கும் கைகொடுக்கும். பன்மொழிக் குழந்தைகளுக்காக ஐரோப்பிய ஆய்வாளர்கள் சேர்ந்து உருவாக்கி 2012-ல் வெளியிட்ட ‘மெயின்’ என்ற கதைச் சோதனை, குழந்தையின் ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியாகக் கதை கேட்கிறது. பூனை, நாய், குருவிக் குஞ்சுகள், ஆட்டுக்குட்டிகள் என நாலு கதைகள், கதைக்கு ஆறு படங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

கதை சொல்லும் திறனைக் கற்றுக்கொடுக்க முடியும். ஸ்பீச் தெரபிஸ்ட்கள் செய்வது பார்க்க எளிமையாக இருக்கும். யார், எங்கே, என்ன பிரச்சினை, எப்படி இருந்துச்சு, என்ன பண்ணாங்க, கடைசில என்ன ஆச்சு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் பட அட்டை. அட்டையை வரிசையாக வைத்துக்கொண்டு தெரபிஸ்ட் கதை சொல்வார், பிறகு குழந்தை சொல்லும். நாளாக ஆக அட்டைகள் ஒவ்வொன்றாகக் குறையும். கடைசியில் அட்டை இல்லாமல் தன் சொந்த அனுபவத்தைச் சொல்லும் நிலைக்கு வர வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். குறைபாடு முழுசாக மறைந்துவிடும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம். பலருக்கு இது பெரியவர்களான பிறகும் ஏதோ ஒரு வடிவில் தொடரும். ஆனால் “என்ன நடந்தது” என்று சொல்லத் தெரிந்துகொள்வது பெரிய வித்தியாசம்.

வீட்டில் செய்ய, உங்கள் போன் கேலரியே போதும். ஞாயிற்றுக்கிழமை பீச்சுக்குப் போன நாலைந்து போட்டோவை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். “இது என்ன?” என்று கேட்டால் “கடல்” என்று பதில் வந்து பேச்சு முடிந்துவிடும். “அலை வந்தப்போ நீ ஏன் அப்பாவைக் கட்டிப்பிடிச்ச?” என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் நீங்களே சொல்லுங்கள்: “பயந்துட்ட, அதனால கட்டிப்பிடிச்ச, இல்ல?” குழந்தை தவறாகச் சொன்னால் “தப்பு, சரியாச் சொல்லு” வேண்டாம். “நாய் கடல் ஓடுச்சு” என்றால், “ஆமா, நாய் கடலுக்குள்ள ஓடுச்சு” என்று இயல்பாகத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் நிறுத்தித் திருத்தினால், அடுத்த முறை “ஒண்ணுமில்ல”தான் கிடைக்கும்.

ஐந்து வயது தாண்டியும் கதை கோர்வையாக வரவில்லை, வகுப்பாசிரியரும் அதையே சொல்கிறார் என்றால் காத்திருக்க வேண்டாம். முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதித்துவிடுங்கள். பிறகு, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற ஸ்பீச் தெரபிஸ்ட்டைப் பாருங்கள். தனியார் கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள் ஆர்பிஎஸ்கே திட்டத்தின் கீழ் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தை அணுகலாம். போவதற்கு முன் ஒரு வேலை: புதிதாக ஒரு படக்கதையைக் காட்டி, குழந்தை சொல்வதை, அது வீட்டில் பேசும் மொழியிலேயே, நடுவில் உதவி செய்யாமல் இரண்டு நிமிடம் போனில் ரெக்கார்ட் செய்து எடுத்துப் போங்கள். புது இடத்தில், புது முகத்தின் முன் பல குழந்தைகள் வாயே திறப்பதில்லை. அந்த இரண்டு நிமிடப் பதிவு தெரபிஸ்ட்டுக்கு நிறையச் சொல்லும்.